பூங்கா இடத்தில் காய்கறித் தோட்டம்: கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

செம்மண்டலம் பக்கத்தில் எங்கள் மனைப்பிரிவின் நடுவே பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 12 சென்ட். அதில் மேட்டுப்பாத்திகள் கட்டி, கீரையும் காய்கறியும் பயிரிட்டு, தெருக்காரர்கள் நாங்களே சேர்ந்து பராமரிக்க மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் ஓர் அனுமதி வேண்டும். கூடவே ஒரு தண்ணீர் இணைப்பு வேண்டும். முதன்மையாகக் கேட்பது இந்த இரண்டையும்தான். இடம் மாநகராட்சியின் பெயரிலேயே இருக்கட்டும். பணம் இரண்டாவது பேச்சு.

மனுவாகவும் கொடுக்கத்தான் போகிறோம். ஆனால் மனுவில் நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. இதுவோ விரிவாகச் சொல்ல வேண்டிய சங்கதி. தவிர, மஞ்சக்குப்பம், வண்ணாரப்பாளையம், பாதிரிக்குப்பம், முதுநகர் என்று எங்கேயோ இருந்து இதைப் படிக்கும் யாருக்காவது தங்கள் தெருமுனையில் கிடக்கும் இடம் நினைவுக்கு வரலாம். அவர்களும் உங்களிடம் வந்து கேட்கட்டும் என்பதற்காகவே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. நாங்கள் மனை வாங்கிய காலத்தில் விற்றவர் வரைபடத்தை விரித்து, பச்சை தீட்டிய கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது பார்க்குங்க, உங்க வூட்டு வாசல்லயே" என்றார். அந்தப் பச்சைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தோம். இன்று அங்கே இருப்பது சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும். வீடு கட்டியவர்களும் வீடு இடித்தவர்களும் இரவில் வந்து கொட்டிவிட்டுப் போன இடிபாடு தனி மேடாக நிற்கிறது. யார் கொட்டியது என்று இப்போது விசாரித்துப் பயனில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் எங்கள் அக்கறை.

நான் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நிலத்தைப் பார்த்தால் முதலில் மண்ணைத்தான் கிளறிப் பார்க்கத் தோன்றும். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து கடப்பாறையும் மண்வெட்டியுமாகப் போய், நடுவில் ஒரு குழி எடுத்தோம். மேலே ஒரு சாண் வரை புல்வேர் பின்னிய மண். அதற்குக் கீழே கடப்பாறை ணங்கென்று நின்றது. உடைந்த மொசைக் துண்டு வந்தது. சிமெண்ட் அப்பிய செங்கல் வந்தது. நீலப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்த ஒரு ஜன்னல் சட்டம், பாலித்தீன் பை, டியூப்லைட் கண்ணாடி எல்லாம் வந்தன. இரண்டடிக்குக் கீழேதான் பழைய களிமண் தென்பட்டது. அந்தக் குழியில் காலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தோம். மதியம் சாப்பிட்டுப் போய்ப் பார்த்தால் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க எதை நட்டாலும் கார்த்திகையில வேர் அழுவிடும்மா" என்றார்.

இந்த இடத்தில் ஏன் மேட்டுப்பாத்தி என்பதற்கு அந்தக் குழியே பதில்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்ட் எல்லாம் இப்போதுதான் சுவரோடும் சட்டத்தோடும் இடிந்து வந்துகொண்டிருக்கிறது. டியூப்லைட்டில் பாதரசம். சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தை ஏற்றிவிடும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வார்கள். ஈயம் அதில் வராது. குழந்தைகள் சாப்பிடப் போகும் கீரையை இப்படிப்பட்ட தரையில் விதைக்க என் மனம் ஒப்பாது. எனவே தரையை மட்டப்படுத்தி, வேர் கீழே இறங்காதபடியும் தண்ணீர் மட்டும் இறங்கும்படியும் நெய்த விரிப்பை விரித்து, அதன்மேல் சுவர் எழுப்பி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில்தான் பயிர் வைப்போம். சிப்காட் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டிய பகுதிகளில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அங்கே மண்ணை மாற்றினால் மட்டும் போதாது, ஊற்றப் போகும் நீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கல்லை வைக்க வேண்டும்.

இன்னொரு காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்காத ஆண்டு அபூர்வம். தரைப்பாத்தியில் இரண்டு நாள் நீர் நின்றால் மிளகாயும் கத்தரியும் போய்விடும். வேருக்கு மூச்சு முட்டும். ஒன்றேகால் அடி உயர்த்திய பாத்தியில் நீர் தானாக வடிந்துவிடும். இதை வைத்து வெள்ளத்தை வென்றுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டே நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து குடியிருப்புகளுக்குள் புகுந்ததும் யாருக்கு மறக்கும்? அப்படி ஆறு வந்தால் பாத்தியும் மூழ்கும். சாக்கடை கலந்த வெள்ளம் தொட்ட கீரையை ஒரு கட்டுகூட யாருக்கும் கொடுக்காமல் பிடுங்கி மக்கப்போட வேண்டும். அதையும் எங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கிறோம். மேட்டுப்பாத்தி காப்பாற்றப் போவது ஆண்டுதோறும் தேங்கும் சாதாரண மழைநீரிலிருந்து. அதுவே எங்களுக்குப் போதும்.

முழங்கால் வலியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பயிர் வேலை தெரிந்தவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். குனிந்து களை எடுக்க அவர்களால் முடியாது. பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்தபடி வேலை செய்யலாம் என்றதும் எதிர்வீட்டு அக்கா, "அப்படின்னா எனக்கும் ஒண்ணு எழுதிக்கோ" என்றார். இரண்டு பாத்திகளை மட்டும் இரண்டரை அடி உயரத்தில், மூன்றடி அகலத்தில் கட்டப் போகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் பக்கவாட்டில் வந்து நின்று கை வைக்க அந்த உயரம் வேண்டும். அவற்றைச் சுற்றிய நடைபாதை மட்டும் நான்கடி.

மற்ற பாத்திகள் பத்தடி நீளம், நான்கடி அகலம். நான்கடிக்கு மேல் போனால் நடுவுக்குக் கை எட்டாது. எட்டாவிட்டால் பாத்திக்குள் கால் வைப்பார்கள். கால் வைத்தால் மண் இறுகிவிடும். மேட்டுப்பாத்தியில் எக்காரணம் கொண்டும் மிதிக்கக் கூடாது. நீளவாட்டம் வடக்கு தெற்காக இருந்தால் ஒரு பாத்தியின் நிழல் அடுத்ததன் மேல் நாள் முழுக்க விழாது. சுவருக்கு இரண்டு வரிசை ஹாலோ பிளாக். ஒரு பாத்திக்கு நாற்பத்தைந்து கல் வரை ஆகும். கலவை போட்டுப் பூச மாட்டோம், அடுக்கி மட்டும் வைப்போம். கல்லின் ஓட்டைக்குள் மண்ணை நிரப்பினால் எடையில் நிற்கும். அதிலேயே புதினாவும் செண்டுமல்லியும் வைக்கலாம். கலவை இல்லாமல் அடுக்குவது செலவை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. நாளைக்கே இடம் வேண்டுமென்று நீங்கள் சொன்னால் ஒரே நாளில் கல்லை எடுத்து அடுக்கிக் கொடுத்துவிடலாம். பழைய பெயிண்ட் அடித்த மரச்சட்டம், ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, ரயில்வே தண்டவாளத்திலிருந்து எடுத்த எண்ணெய்க் கட்டை மூன்றும் எங்கள் வாசலுக்குள் வரக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பல இடங்களில் இவற்றைத்தான் முதலில் கொண்டுவந்து போடுகிறார்கள்.

மொத்தம் இருபது பாத்தி. சுற்றிலும் நடைவழியைச் சேர்த்தாலும் இரண்டாயிரம் சதுர அடிக்குள் அடங்கிவிடும். 12 சென்ட் என்பது ஐயாயிரத்து இருநூறு சதுர அடிக்கு மேல். பாதிக்கும் அதிகமான இடம் பிள்ளைகள் ஓடியாடவும், பெரியவர்கள் உட்காரவும், வேம்பும் புங்கனும் வைக்கவும் மிச்சமிருக்கிறது. தோட்டம் வந்தால் பூங்கா போய்விடும் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மண் வாங்குவதுதான் பெரிய செலவு என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பாத்தியின் அடியில் ஐந்தாறு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, நறுக்கிய வாழைத்தண்டு. இவை மெல்ல மக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண் வாங்கும் அளவும் குறையும். அதன்மேல் பத்து அங்குலம் கலவை மண்: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை அப்படியே போட்டால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் நாற்றைக் கருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசித்தான் போட வேண்டும். இப்படி இருபது பாத்திக்கும் கணக்குப் போட்டால் கலவை மண் ஏழு யூனிட்டுக்குள், அதாவது எழுநூறு கன அடிக்குள், முடிகிறது. அதில் உரம் மட்டும் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த உரம் உங்களிடமே இருக்கிறது.

தூய்மைப் பணியாளர்கள் காலை நேரத்தில் வீடு வீடாக வந்து வாங்கிப் போகும் மக்கும் குப்பைதான் நுண் உரக் கூடங்களில் உரமாகிறது. அதற்கு நிலையான தேவை ஒன்று இருந்தால்தான் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு அர்த்தம் இருக்கும். எங்களுக்கு அதைச் சலித்து, பிளாஸ்டிக் துணுக்கு இல்லாமல் கொடுங்கள். குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரி செல்சியசுக்கு ஏறிச் சில நாள் நின்று மக்கியதாக இருந்தால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அழிந்திருக்கும். தன் வீட்டுக் குப்பை தன் தெரு வெண்டைக்காயாகத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கிறவர், நாளைக்கு டயப்பரையும் தயிர்ச் சாதத்தையும் ஒரே வாளியில் போட யோசிப்பார். மாநகராட்சி விழிப்புணர்வுக்குச் செலவிடும் துண்டறிக்கைக் காசு மிச்சம்.

இனி தண்ணீர். இதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல வெயிலில் பத்துக்கு நான்கு பாத்தி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இருபது லிட்டர் தேவைப்படும். இருபது பாத்திக்கு நானூறு லிட்டர். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களுக்குக் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு முழுத் தோட்டமும் மூன்று பேர் கொண்ட குடும்பம் செலவழிக்கும் நீரைத்தான் கேட்கிறது. மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ பரப்பி மூடாக்குப் போட்டால் இன்னும் குறையும். போர்வெல்லைக் கொண்டு சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக் குழாய் முனைகளில் படிந்திருக்கும் வெள்ளை உப்பை வந்து பார்க்க வேண்டும். கடல் பக்கத்தில், உப்பனாறு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது புதிதல்ல. பாசன நீரின் உப்பை மின்கடத்து திறனாக அளக்கும்போது மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்ற கணக்கில் 0.7-க்குக் கீழ் இருந்தால் எந்தக் காய்கறிக்கும் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலானவை தாங்காது. பீன்ஸ், அவரை போன்றவை 1-ஐத் தாண்டும்போதே முகம் சுளிக்கும். மேட்டுப்பாத்தியில் உப்பு நீரைத் தொடர்ந்து ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். வடகிழக்குப் பருவமழை வந்து அலசினால்தான் இறங்கும். ஆகவே ஒரு நல்ல தண்ணீர் இணைப்பு, அதற்கு மீட்டர், ஒரு ஆயிரம் லிட்டர் தொட்டி. மீட்டர் காட்டும் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். பக்கத்து இரண்டு வீடுகளின் மாடி மழைநீரையும் அந்தத் தொட்டிக்குத் திருப்ப உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே தொட்டி ஏறக்குறைய நிறையும் அளவுக்கு வரும். தொட்டி என்றதும் சுகாதார ஆய்வாளருக்கு டெங்கு நினைவுக்கு வரும், வர வேண்டும். இறுக்கமான மூடி, நீர் வழியும் குழாய் வாயில் கொசுவலை, வாரம் ஒருமுறை அவரே வந்து பார்க்கலாம் என்ற ஏற்பாடு மூன்றும் உறுதி.

என்ன பயிர் வைப்போம் என்பது பெரிய விஷயமே அல்ல. கடலூர் உழவர் சந்தையில் கீரைக் கட்டு வாங்குகிற எவருக்கும் அது தெரியும். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய். இடையிடையே சிறுகீரையும் அரைக்கீரையும். மழைக்காலத்தில் விதைப்பைக் குறைத்து மண்ணை மூடி வைத்து, தைப்பட்டத்தில் மறுபடி முழு வேகம். பாகலுக்கும் புடலுக்கும் பந்தல் போட்டால் அது கழற்றக்கூடியதாக இருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்று பார்த்த மாவட்டம் இது. புயல் சின்னம் என்றதும் பந்தலை இறக்கி வைக்க வேண்டும். நம் மாவட்டத்துப் பாலூரிலேயே காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கத்தரியில் பாலூர் 1 என்ற ரகமே அங்கிருந்து வந்ததுதான். விதைக்கும் ஆலோசனைக்கும் அங்கே போவோம். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். சத்துக்கு மீன் அமிலம். முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்கும் மீன் கழிவும் அதே எடைக்கு வெல்லமும் இருந்தால் போதும்.

கஷ்டமான பகுதி மனிதர்கள். இத்தகைய தோட்டங்கள் பெரும்பாலும் முதல் சித்திரை வைகாசியில் செத்துப்போகின்றன. பள்ளி விடுமுறை, பாதி வீடு ஊருக்குப் போயிருக்கும், கத்திரி வெயில், தண்ணீர் ஊற்றும் முறை யாருடையது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும் பத்துப் பாத்தியில்தான் பயிர். மற்றதில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை முன்கூட்டியே விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்துவிட்டு, மேலே வைக்கோல் மூடாக்கு. தண்ணீர் முறைக்கு வீட்டு எண் வாரியாக அட்டவணை. ஊருக்குப் போகிறவர் தன் முறையை இன்னொருவரிடம் ஒப்படைத்துப் பெயரை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

பாத்தியை யாருக்குக் கொடுப்பது என்பதில் நாங்கள் நிறையப் பேசினோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். தனித்தனியாகக் கொடுத்தால் பொது இடம் தனியார் கைக்குப் போகிறது என்பீர்கள். அது நியாயமான கவலை. எல்லாமே பொது என்றால் யாரும் தொட மாட்டார்கள், அது அனுபவம். இறுதியில் ஒத்துக்கொண்டது இது. பன்னிரண்டு பாத்தி வீடுகளுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி. வரும் ஆண்டு வேறு வீடுகளுக்குப் போய்விடும், ஆகவே யாருக்கும் சொந்தம் கொண்டாட வழியில்லை. அந்தச் சீட்டில் எங்கள் வார்டின் தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் பெயரும் இருக்கும். இதே தெருவில் வீடு இல்லை என்பதற்காக அவர்களை விட முடியாது, எங்கள் எல்லோரையும்விட இந்தத் தெருவை அதிகம் தொட்டவர்கள் அவர்கள். ஐந்து பாத்தி அங்கன்வாடிக்கு. முருங்கையும் கீரையும் வாரம் இரண்டு நாள் போகும். மூன்று பாத்தி தெருவோரமாக, வேலிக்கு வெளியே நின்று கை நீட்டினால் எட்டும்படி: கறிவேப்பிலை, துளசி, புதினா, கற்பூரவல்லி. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். காய் திருடு போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு அதுதான் எங்கள் பதில். மூன்று வாரம் கவனிக்காமல் விட்ட பாத்தி காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

சீட்டுக் குலுக்கிப் பொறுப்பைக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை மட்டும் சொல்லவில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்றும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றும் கணக்கு வைத்துச் சொல்கிறது. தோட்டத்துக்கென்றே தனிக் குழு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் போடக் கூடாது என்றும் அதில் விதி இருக்கிறது. அந்த விதியை அப்படியே எங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம். வரவு செலவு மாதம் ஒருமுறை வாசல் பலகையில் ஒட்டப்படும். ஒவ்வோர் ஆண்டும் குழுவில் பாதிப்பேர் மாற வேண்டும். குறைந்தது பாதி பெண்கள்.

உங்கள் தரப்பிலிருந்து யோசித்தால், மிகப் பெரிய அச்சம் ஆக்கிரமிப்பு என்பது எனக்குத் தெரியும். பொது இடத்தில் முதலில் ஒரு கொட்டகை வரும், பிறகு ஒரு மேடை, பிறகு ஒரு சிலை, பிறகு ஒரு கொடிக்கம்பம். அப்புறம் அதை எடுக்க நீதிமன்றம் வரை போக வேண்டும். ஆகவே நாங்களே எழுதித் தருகிறோம். கூரை கிடையாது. எந்த மதத்தின் வழிபாட்டிடமும் கிடையாது. கட்சிக் கொடி கிடையாது. திறப்பாளர் பெயர் பொறித்த கல்வெட்டுகூட வேண்டாம். விளைந்ததை விற்கக் கூடாது. காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஒரு சாவி மாநகராட்சியிடம். நிபந்தனை மீறினால் முப்பது நாள் அறிவிப்பில் அனுமதியை ரத்து செய்யலாம். இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு, பதினொரு மாதம் என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மேட்டுப்பாத்தி மண் உயிர் பிடிக்கவே ஒரு முழு ஆண்டு ஆகும். முதல் ஆண்டில் மக்கும் இலைகள் தழைச்சத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், பாத்தி நாலைந்து அங்குலம் உள்ளிறங்கும், மறுபடி மேலே உரம் போட்டு நிரப்ப வேண்டும். நல்ல விளைச்சல் இரண்டாம் ஆண்டில்தான். நாளை எடுத்துவிடுவார்களோ என்ற நினைப்பிருந்தால் யாரும் மண்ணில் போடும் பணத்தையும் உழைப்பையும் சுருக்கிக்கொள்வார்கள். பயிருக்கு அது தெரிந்துவிடும். மூன்று ஆண்டு என்று கேட்பதன் காரணம் அதுதான்.

உலகில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் கியூபாவின் தலைநகர் ஹவானா. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்து, டீசலும் உரமும் வராமல் நின்றபோது, நகரின் காலி மனைகளிலும் இடிந்த கட்டிட இடங்களிலும் சுவர் எழுப்பி, மக்கிய உரம் நிரப்பிய பாத்திகளில் காய்கறி வளர்த்தார்கள். அவர்களுக்கும் தரைமண் உதவாமல் போனதால்தான் பாத்தியை உயர்த்தினார்கள். அங்கே இடத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசே மக்களுக்குக் கொடுத்தது என்பதைத்தான் நான் இங்கே குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு அப்படி ஒரு பஞ்சம் வரவில்லை. ஆனால் வெள்ளம் வந்து சாலை அறுந்த நாட்களில் கடலூரில் காய்கறி என்ன விலைக்கு விற்றது என்று நாம் எல்லோரும் வாங்கிப் பார்த்தவர்கள்தான்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலிருந்து நகரங்களிலும் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடத் தொடங்கியது. எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபையில் இதைப் பொருளாக வையுங்கள். எதிர்ப்பு இருந்தால் அங்கேயே வெளிப்படையாக வரட்டும், பேசித் தீர்ப்போம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். எங்கள் பங்குக்கு வீடுகளில் பேசிவிட்டோம், தொகை சேரும். அதற்கும் முன்னால் ஒரு பொறியாளரை அனுப்பி இடத்தை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள்; பக்கத்து மனைக்காரரோடு பின்னால் தகராறு வேண்டாம். இடிபாட்டை அள்ள ஒரே ஒரு முறை ஜேசிபியும் லாரியும் வேண்டும். அது எங்கள் கையால் ஆகாத வேலை.

பங்குனிக்குள் அனுமதி கிடைத்தால் சித்திரையில் இடிபாடு போகும், வைகாசியில் கல் அடுக்கி மண் நிரப்புவோம், ஆனி முழுக்க மண் அமரும், ஆடியில் விதை. ஒரு மாதம் தள்ளினாலும் பட்டம் தப்பிவிடும். பிறகு மழை முடிந்து தை வரை காத்திருக்க வேண்டும்.

பாத்தி வரைபடம், விதிகளின் நகல், பங்கேற்க ஒப்புக்கொண்ட வீடுகளின் கையெழுத்து மூன்றையும் மனுவோடு இணைத்துத் தருகிறோம். பதிலை எழுத்தில் தாருங்கள். மறுப்பாக இருந்தால் எந்த விதி தடுக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்கேற்ப வரைபடத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வருகிறோம்.

இப்படிக்கு,
பூங்கா இடத்தைச் சுற்றிக் குடியிருப்போர் சார்பில்,
தெருவாசி ஒருத்தி,
கடலூர்.